பழைய லாரி எஞ்சினில் பாலன்ஸ் ஷாப்ட்: வைப்பதா, எடுப்பதா?

வண்டியொன்று பழுதுற்றுப் பட்டறைக்குச் சென்றால், அங்கே இருவகை ஆலோசனைகள் கிடைக்கும். "தயாரித்தவன் வைத்ததை நாம் ஏன் எடுக்க வேண்டும்?" என்பது ஒன்று. "இல்லாத பாகம் கெடாது, கழற்றி எறியுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும் பணம் கொடுப்பவர் வண்டிச் சொந்தக்காரர். தவறான முடிவின் பலனை அனுபவிப்பவரும் அவரே. எனவே, இவ்விரண்டு ஆலோசனைகளுக்கும் இடையே எவ்வாறு முடிவு செய்வது என்பதை, ஒரு குறிப்பிட்ட எஞ்சினை உதாரணமாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொண்டது மிட்சுபிஷி நிறுவனத்தாரின் 4ஜி64 என்னும் பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர்களும் 2,351 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. அமெரிக்க நாட்டில் 1990 முதல் 'மைட்டி மாக்ஸ்' என்ற பெயரிலும், டாட்ஜ் நிறுவனத்தாரின் 'ராம் 50' என்ற பெயரிலும் விற்பனையான சிறு லாரிகளில் இது பொருத்தப்பட்டிருந்தது. அவ்வண்டிகளின் விற்பனை நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும், புது வண்டி வாங்க வசதியற்ற சிறு விவசாயிகளும் கைத்தொழில் புரிவோரும் இத்தகைய வண்டிகளைச் செப்பனிட்டு ஓட்டுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. இவ்வெஞ்சினுக்குள்ளே, இயக்கத்திற்கு நேரடியாக உதவாத இரண்டு தண்டுகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. அவற்றைப் பாலன்ஸ் ஷாப்ட் என்பர். மிட்சுபிஷி நிறுவனத்தார் அவற்றிற்கு இட்ட பெயர் 'சைலன்ட் ஷாப்ட்'. இவை வேண்டுமா, வேண்டாமா என்பதே கேள்வி.

அதிர்வு பிறக்கும் விதம்

நாடா ஒரு கோடியினின்று மறுகோடிக்குப் பாய்ந்து நிற்கும்போது தறி அதிர்வதை நெசவாளர் அறிவர். எடையுள்ள ஒரு பொருள் ஓடி, நின்று, திரும்பும்போதெல்லாம் அதைத் தாங்கி நிற்கும் சட்டம் அதிர்ச்சியை ஏற்றே தீரவேண்டும். எஞ்சினுக்குள் பிஸ்டன் செய்வதும் இதுவே.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே செல்லும்போது மற்ற இரண்டு கீழே வருகின்றன. ஆகவே ஒன்றின் அதிர்ச்சியை மற்றொன்று முழுவதும் ஈடுசெய்துவிடும் என்று நாம் எண்ணலாம். பெரும்பகுதி அவ்வாறே நிகழ்கிறது. ஆனால் முழுவதும் அன்று. பிஸ்டனைக் கிராங்க் ஷாப்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடு நேராக நில்லாமல் சாய்ந்து சாய்ந்து இயங்குவதே அதற்குக் காரணம்.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தால் தெளிவாகும். 4ஜி64 எஞ்சினில் பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை செல்லும் தூரம் 100 மில்லிமீட்டர். கனெக்டிங் ராடின் நீளம் 150 மில்லிமீட்டர். கிராங்க் ஷாப்ட் மேலிருந்து முதற் கால் சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன் 50 மில்லிமீட்டர் இறங்கவேண்டும் என்று நாம் நினைப்போம். உண்மையில் அது ஏறத்தாழ 58.6 மில்லிமீட்டர் இறங்கிவிடுகிறது. அடுத்த கால் சுற்றில் எஞ்சிய 41.4 மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. அதாவது, மேற்பாதியில் பிஸ்டன் விரைவாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் செல்கிறது. ஆகவே, மேலே செல்லும் இரண்டும் கீழே வரும் இரண்டும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்வதில்லை. எஞ்சி நிற்கும் விசை, கிராங்க் ஷாப்ட் ஒருமுறை சுற்றுவதற்குள் இருமுறை எஞ்சினை மேலும் கீழுமாக உலுக்குகிறது.

இவ்விசையின் அளவு அற்பமானதன்று. ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலும் கீழும் சென்றுவரும் பாகங்களின் எடை 0.7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்திற்கு 3,000 சுற்று வேகத்தில் இவ்வுலுக்கல் சுமார் 470 கிலோ எடைக்கு ஒப்பாகிறது. அதுவும் வினாடிக்கு 100 முறை. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். அவ்வாறே வேகம் குறைந்தால் விசையும் விரைவாகக் குறையும். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் 750 சுற்றில் இது 30 கிலோவிற்கும் குறைவே. இச்செய்தியைப் பின்னர் மீண்டும் எடுத்துரைப்போம்.

தண்டுகள் செய்யும் வேலை

இவ்வதிர்வுக்குப் பரிகாரம் கண்டவர் பிரெடரிக் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அவர் இம்முறையை வகுத்தார். ஒரு பக்கம் கனமாகச் செய்யப்பட்ட இரண்டு தண்டுகளை, கிராங்க் ஷாப்டைப்போல் இருமடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலவிடுவதே அம்முறை. பக்கவாட்டில் அவற்றின் இழுப்பு ஒன்றையொன்று அழித்துவிடும். மேலும் கீழுமான இழுப்பு இரண்டும் சேர்ந்து, பிஸ்டன்களின் உலுக்கலை எதிர்த்து நிற்கும். மிட்சுபிஷி நிறுவனத்தார் 1975-இல் இதனைத் தங்கள் எஞ்சின்களில் புதுப்பித்துக் கையாண்டனர். ஒரு தண்டை உயரத்திலும் மற்றொன்றைத் தாழ்விலும் அமைத்து, எஞ்சின் பக்கவாட்டில் உருள முயல்வதையும் ஓரளவு தடுத்தனர். ஜெர்மனியின் போர்ஷ் நிறுவனத்தார்கூட இவ்வமைப்பிற்கு உரிமம் பெற்றுத் தங்கள் 944 மோட்டார் காரில் பயன்படுத்தினர்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் அவசியம். பாலன்ஸ் ஷாப்டை எடுத்துவிட்டால் கிராங்க் ஷாப்ட் சமநிலை இழந்து ஒடிந்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். அது சரியன்று. கிராங்க் ஷாப்ட் தனக்குரிய எதிரெடைகளால் தானே சமநிலை பெற்றிருக்கிறது. பிஸ்டன்களின் விசை எப்படியும் கிராங்க் ஷாப்ட் பேரிங்குகளின் வழியாகத்தான் எஞ்சின் உடலை அடைகிறது. பாலன்ஸ் ஷாப்ட் அதன் பின்னரே தன் பேரிங்குகளின் வழியாக எஞ்சின் உடலைப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே, தண்டுகள் காப்பது எஞ்சினின் உள்ளுறுப்புகளை அன்று. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களையும், சட்டத்தையும், எஞ்சினில் தொங்கும் பாகங்களையும், ஓட்டுநரின் உடலையுமே அவை காக்கின்றன.

இதற்கு அத்தாட்சியும் உண்டு. டொயோட்டா நிறுவனத்தாரின் 22ஆர் எஞ்சின் 2,366 கன சென்டிமீட்டர் உடையது. அதாவது நமது உதாரண எஞ்சினைவிடச் சிறிது பெரியது. அதில் பாலன்ஸ் ஷாப்ட் இல்லை. ஆயினும் நீண்டகாலம் உழைப்பதில் அது பெயர் பெற்றது. அதே நிறுவனத்தார் பின்னர்ச் செய்த ஆர்இசெட் வரிசையில், 2.4 லிட்டர் எஞ்சினுக்குத் தண்டு வைக்காமல், 2.7 லிட்டர் எஞ்சினுக்கு மட்டும் வைத்தனர். தண்டின்றி எஞ்சின் ஓடும். அதிர்வைப் பொறுத்துக்கொள்வதா, தடுப்பதா என்பதே கேள்வி என்பதற்கு இவை சான்று.

எடுப்போர் கூறும் காரணங்கள்

அப்படியாயின், நன்மை செய்யும் தண்டுகளை எடுக்குமாறு ஏன் கூறுகின்றனர்? அவர்கள் அச்சத்திற்கும் ஆதாரம் இருக்கிறது.

4ஜி64 எஞ்சினின் முன்புறத்தில் இரண்டு பெல்ட்டுகள் உள்ளன. பெரியது டைமிங் பெல்ட்; வால்வுகளை இயக்கும் தண்டையும் ஆயில் பம்பையும் அது சுழற்றுகிறது. சிறியது, பாலன்ஸ் ஷாப்டுகளில் ஒன்றை மட்டும் சுழற்றுகிறது. மற்றொரு பாலன்ஸ் ஷாப்ட் ஆயில் பம்பின் பல்சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. சிறிய பெல்ட் பெரிய பெல்ட்டுக்கு உட்புறத்தில் இருப்பதால் எளிதில் கண்ணில் படுவதில்லை. அது பழசாகி அறுந்தால், அதன் துண்டுகள் பெரிய பெல்ட்டில் சிக்கி, அதனைப் பல் தாண்டவோ அறுந்துபோகவோ செய்துவிடக்கூடும். வால்வும் பிஸ்டனும் மோதக்கூடிய அமைப்புள்ள எஞ்சினாயின் அப்போது வால்வுகள் வளையும். இதே நிறுவனத்தாரின் 4டி56 டீசல் எஞ்சினிலும் இவ்வாறே இரண்டு பெல்ட்டுகள் உண்டு, ஆபத்தும் ஒன்றே. இலேசான ஒரு பெல்ட்டால் முழு எஞ்சினும் பாழாவது, அறுவடைக் காலத்தில் ஒரு சிறு விவசாயிக்கு எத்தகைய அடி என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் பேரிங். பாலன்ஸ் ஷாப்ட் எஞ்சினைப்போல் இருமடங்கு வேகத்தில் சுழல்வது. எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் தண்டு 6,000 சுற்றில் ஓடும். ஆயில் குறைந்தாலும், காலத்தில் மாற்றாமல் கசடு சேர்ந்தாலும் அதன் பேரிங் தேய்ந்துவிடும். தேய்ந்த பேரிங்கின் வழியே ஆயில் அழுத்தம் கசியும். இறுகிப்போன தண்டோ பெல்ட்டை அறுக்கும்.

சக்தி மிச்சமாகும் என்பது மூன்றாவதாகக் கூறப்படும் காரணம். கனமான இரு தண்டுகளைச் சுழற்றுவதில் சிறிது சக்தி செலவாவது மெய்யே. ஆனால் சுமை இழுக்கும் வண்டியில் அதனை ஓட்டுநர் உணர்வது அரிது. இதன் பொருட்டு மட்டும் எஞ்சினைப் பிரிப்பது சிக்கனமாகாது.

அரைகுறை வேலையின் தீங்கு

வைப்பதிலும் எடுப்பதிலும் குணதோஷங்கள் உண்டு. ஆனால் இரண்டுங்கெட்டான் நிலையில் தோஷம் மட்டுமே உண்டு. பலர் தவறுவது இங்கேதான்.

சிறிய பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு மூடிவிடுவோர் உளர். அப்போது ஆயில் பம்போடு சேர்ந்த தண்டு மட்டும் தனியே சுழலும். நாம் முன்பு கூறிய 470 கிலோ உலுக்கலில் பாதியை அது தடுக்கும். 235 கிலோ எஞ்சும். ஆனால் எதிர்த்திசையில் சுழலும் துணை இல்லாமையால், அதே 235 கிலோ அளவு பக்கவாட்டில் புதிதாகத் தோன்றும். மேலும் கீழுமாக இருந்த அதிர்வு எல்லாத் திசைகளிலும் சுற்றும்.

இதனினும் கொடியது, தண்டைத் தவறான நிலையில் பொருத்துவது. ஆயில் பம்பின் பல்சக்கரத்தில் உள்ள அடையாளம் சரியாகப் பொருந்தியிருந்தும், அதனோடு இணைந்த தண்டு அரைச் சுற்றுத் தவறி நிற்பது சாத்தியம். அப்போது இரு தண்டுகளின் மேல்கீழ் விசை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிஸ்டன்களின் 470 கிலோ அப்படியே நிற்கும். பக்கவாட்டு விசையோ ஒன்றுசேர்ந்து மற்றுமொரு 470 கிலோவாகும். தண்டே இல்லாத எஞ்சினைவிட இது மோசம். "புது பெல்ட் போட்ட பிறகு வண்டி நடுங்குகிறது" என்று கூறி, தண்டின் மீது பழிபோட்டு அதை எடுத்துவிட நினைப்பவர், முதலில் இதனைச் சோதித்தல் வேண்டும்.

சோதிப்பதும் எளிதே. எஞ்சின் உடலின் பக்கத்தில் ஒரு சிறு திருகு மூடி உள்ளது. அடையாளங்கள் பொருந்தி நிற்கும்போது அதனைக் கழற்றி, 8 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்குரூ டிரைவரை உள்ளே செலுத்தவேண்டும். 60 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உட்சென்றால் தண்டு சரியான நிலையில் உள்ளது. 20 அல்லது 25 மில்லிமீட்டரில் தடுத்து நின்றால், பல்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் பொருத்தவேண்டும். பெல்ட் மாட்டி முடியும்வரை ஸ்குரூ டிரைவரை எடுக்கலாகாது. வேலை நடக்கும்போது சொந்தக்காரர் அருகிலிருந்து இவ்வொன்றைக் கேட்டால் போதும். பட்டறைக்காரரின் கவனமும் கூடும்.

எடுப்பதானால் முறைப்படி எடுத்தல்

தண்டுகளை எடுக்கத் தீர்மானித்தால், இரண்டையும் எடுக்கவேண்டும். சிறிய பெல்ட்டும் அதனை இறுக்கும் உருளையும் உடன் நீங்கவேண்டும். ஆயில் பம்பின் பல்சக்கரம் தாங்குதலின்றி ஓட இயலாது. ஆதலால் அங்கே நீண்ட தண்டுக்குப் பதிலாக ஒரு குட்டைத் தண்டைப் பொருத்தவேண்டும். இவை அனைத்திலும் முக்கியமானது, எடுத்த தண்டுகளின் பேரிங்குகளுக்கு ஆயில் செல்லும் துளைகளை அடைப்பதாகும். பேரிங்கைத் திருப்பி வைத்துத் துளையை மறைப்பர். அல்லது துளையில்லாத பேரிங்கை இடுவர். இதனை மறந்தால் ஆயில் அந்தத் துளைகளின் வழியே வீணே பாய்ந்து, கிராங்க் ஷாப்டுக்குச் செல்லும் அழுத்தம் குறையும். ஒரு பெல்ட்டுக்குப் பயந்து தண்டை எடுத்தவர் முழு எஞ்சினையும் ஆயிலின்றி இழந்தாராயின், அது தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகும்.

எடுத்த பின்னர் அதிர்வு எங்கே செல்லும்? இதனை நம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். நம் சங்கத்துத் தோட்டத்தில் ஒற்றைச் சிலிண்டர் எண்ணெய் எஞ்சின் ஒன்று சிமெண்டு மேடையில் நின்று இறைத்துவந்தது. மேடையிலுள்ள ஒரு நட்டுத் தளர்ந்ததை எவரும் கவனிக்கவில்லை. எஞ்சின் கெடவில்லை. ஆனால் சில வாரங்களில் தண்ணீர்க் குழாயின் இணைப்பு விரிந்தது. பிறகு டீசல் குழாய் வெடித்தது. அதிர்வு தான் பிறந்த இடத்தைக் கெடுக்காமல், வலுவற்ற இடத்தைத் தேடிச் சென்று கெடுத்தது. லாரியிலும் அவ்வாறே. எஞ்சினைத் தாங்கும் ரப்பர், புகைக்குழாயின் இணைப்பு, ரேடியேட்டர் குழாய், டைனமோவைத் தாங்கும் இரும்பு, மின்கம்பிகள் ஆகியவற்றை மாதந்தோறும் பார்த்து, தளர்ந்தவற்றை முடுக்கவேண்டும். தண்டை எடுத்தவருக்குப் பெல்ட் பார்க்கும் வேலை குறையும். நட்டுப் பார்க்கும் வேலை கூடும்.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. பட்டறையில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, "பாருங்கள், அதிர்வே இல்லை" என்று காட்டினால் அதனை நம்பி விடலாகாது. அவ்வேகத்தில் இவ்விசை 30 கிலோவுக்கும் குறைவென்று முன்னரே கூறினோம். சுமையேற்றி, 3,000 சுற்று வேகத்தில், ஒரு மணி நேரமாவது சாலையில் ஓட்டிப் பார்த்தே தீர்ப்புக் கூறவேண்டும். அதையும் அன்றாடம் வண்டி ஓட்டுபவரே கூறவேண்டும்.

மேலும், இங்கே கூறியவை நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கே பொருந்தும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1992 முதல் தங்கள் 4.3 லிட்டர் லாரி எஞ்சினில் வைத்த பாலன்ஸ் ஷாப்ட் வேறு வகை. அவ்வெஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் இரு வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. தண்டு ஒன்றே, அதுவும் கிராங்க் ஷாப்டின் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுழல்வது. ஓரெஞ்சினில் செய்த வேலையை மற்றோரெஞ்சினில் அப்படியே செய்யச் சொல்வோரின் பேச்சைக் கேளாதிருத்தல் நலம்.

நமது முடிவு

எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, நாம் கூறுவது இதுவே. தண்டுகளும் பேரிங்குகளும் நல்ல நிலையில் இருந்து, பெல்ட் கிடைக்கும் வசதியும் இருந்தால், தண்டுகளை வைத்துக்கொள்வதே சிறந்தது. இவ்வகை எஞ்சின்களுக்கு டைமிங் பெல்ட்டைச் சுமார் 60,000 மைல், அதாவது 96,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது முறை. அப்போது சிறிய பெல்ட்டையும் தவறாமல் உடன் மாற்றவேண்டும். எஞ்சினின் முன்புறத்தைத் திறக்கும் கூலி எப்படியும் ஒன்றே. மேற்செலவு ஒரு சிறிய பெல்ட்டின் விலைதான். வண்டியைப் பழையதாக வாங்கியவர், பெல்ட் மாற்றிய விவரம் எழுத்தில் இல்லையாயின், மாற்றப்படவில்லை என்றே கொள்ளவேண்டும்.

பேரிங் தேய்ந்து ஆயில் அழுத்தம் குறைந்திருந்தாலோ, தண்டு கீறுற்றிருந்தாலோ, மாற்றுப் பாகம் கிடைக்காமற் போனாலோ, எடுப்பது குற்றமாகாது. அப்போது இரண்டையும் எடுத்து, துளைகளை அடைத்து, ஆயில் அழுத்தத்தை அளவுமானியால் பார்த்து, தாங்கும் ரப்பர்களைப் புதிதாக்கிக்கொள்ள வேண்டும். பலர் சேர்ந்து வாங்கிய வண்டியாயின், எந்நாளில் என்ன பாகம் எடுக்கப்பட்டது, எது மாற்றப்பட்டது என்பதைக் கணக்குப் புத்தகத்தைப்போல் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் இன்றியமையாதது. இல்லையேல், அடுத்த முறை எஞ்சினைத் திறக்கும் மெக்கானிக், இல்லாத பெல்ட்டைத் தேடி அல்லற்படுவார்; அவர் அல்லற்படும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் கூலி கொடுப்பவர் நாமே.

அதிர்வை அறவே ஒழிக்க எவராலும் இயலாது. அதனைத் தண்டு சுமக்கவேண்டும்; இல்லையேல் சட்டமும் ஓட்டுநரின் முதுகெலும்பும் சுமக்கவேண்டும். சொந்தக்காரர் பட்டறைக்குச் செல்லுமுன் அமைதியாக அமர்ந்து, எது எதனைச் சுமக்கும் என்று யோசித்து, பிறகு ஸ்பானரை எடுக்கச் சொல்வாராக.